ஒரு இழுப்புக்குத் தண்ணீர்

இந்தக் காலத்து மனுஷர்களுக்கு வாய் ஓய்வதே இல்லை. பீடி வாங்கப் போனால் கடைக்காரன் ஊர்க்கதை அளக்கிறான். கோயிலில் பூசை முடியும் முன்னே வாசலில் பெண்கள் வளவளக்கிறார்கள். வில்பிரட்டுக்கு இதெல்லாம் ஆகாது. முப்பது வருஷம் சங்குத் தோணியில், முங்கிச் சங்கெடுக்கிறவனின் இடுப்புக் கயிறு பிடித்தவர். கடலுக்கடியில் கிடக்கிற ஆளோடு என்ன பேச்சு? கயிறு ஒரு தரம் ஆடினால் தூக்கு, இரண்டு தரம் ஆடினால் இன்னும் கொஞ்சம் விடு. அவர் பிடித்த கயிற்றில் ஒரு உயிரும் போனதில்லை.

மகள் ஹில்டா விடிகாலையில் இறால் கம்பெனிக்குப் போனால் பொழுது சாயத்தான் வருவாள். மருமகன் விக்டர் கப்பலில். பேத்தி கிளாடிஸைப் பார்த்துக்கொள்வது வில்பிரட்தான். தவழ்கிற வயதிலேயே தன் கைலி நுனியைப் பிடித்து இழுக்கப் பழக்கிவிட்டார். ஒரு இழுப்பு, தண்ணீர். இரண்டு, பசி. மூன்று, தூக்கு. இழுத்த மாத்திரத்தில் எழுந்துவிடுவார். பிள்ளை அழுது பக்கத்து வீடு கேட்டதில்லை.

மூன்று வயது முடிந்தும் கிளாடிஸ் ஒரு சொல் பேசவில்லை.

காது கேட்கவில்லையோ என்று அழுதுகொண்டே ஹில்டா, பாலர் பள்ளி டீச்சர் ஜீவமணியைக் கூட்டிவந்தாள். டீச்சர் பிள்ளைக்குப் பின்னால் நின்று டம்ளரைத் தட்டினாள். கிளாடிஸ் சட்டென்று திரும்பினாள். அப்புறம் டீச்சர் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்து பார்த்தாள். கைலி நாலு தரம் இழுபட்டது. நாலு தரமும் வில்பிரட் எழுந்தார். வீட்டில் ஒரு சொல் விழவில்லை.

"தாத்தா, காது நல்லாத்தான் கேக்கு. வாயத் தொறக்க நீங்க அவளுக்கு அவசியமே வைக்கலியே. பிள்ளைட்ட என்னத்தையாவது பேசுங்க."

"மூணு வயசுப் பிள்ளைட்ட ஊரு நாயமா பேசச் சொல்லுத?"

"சோறு ஊட்டும்போது சோறுன்னு சொல்லுங்க. காக்கா வந்தா காக்கான்னு..."

"காக்கா வந்தா அதுக்குத் தெரியாதா? கண்ணு இருக்குல்லா?"

ஜீவமணி சிரித்துவிட்டாள். ஹில்டா சிரிக்கவில்லை.

"என்னையும் இப்பிடித்தாம்ப்பா வளத்திய. அம்மா இருந்ததுனால நான் பேசுனேன்."

மறுநாளே ஹில்டா பிள்ளையோடு முத்தையாபுரத்தில் இருக்கும் விக்டரின் அக்கா ஆக்னஸ் வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கே நாலு பிள்ளைகள். ஒரு மாசம் பொறு, நான் பேசிப் பார்க்கிறேன் என்று சொல்லத்தான் வில்பிரட் நினைத்தார். சொல்லவில்லை.

அதற்குப் பிறகு உட்கார்ந்தால் உட்கார்ந்தபடியே கிடந்தார். எழுப்ப ஆளில்லை. ஒரு நாள் தட்டைப் பார்த்து, "சோறு" என்று சொல்லிப் பார்த்தார். கூசியது.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினார். ஆக்னஸ் வீட்டு முற்றத்தில் ஒரே கூச்சல். நடுவில் கிளாடிஸ்.

"ஏலே, அது என் பம்பரம்! தாலே!"

அவரைக் கண்டதும் ஓடிவந்தாள். "தாத்தா, நீ ஏன் வரல? சோறு தின்னியா? அங்கன உங்கூட யாரு இருக்கா?"

ஒன்றுக்குப் பதில் தேடுவதற்குள் அடுத்தது வந்துவிட்டது. "ம்" என்றார். கிளாடிஸ் கொஞ்ச நேரம் அவர் வாயையே பார்த்தாள். பிள்ளைகள் கூப்பிட்டார்கள். ஓடிவிட்டாள்.

"பாத்தியளாப்பா? டீச்சர் சொன்னது சரிதான்," என்றாள் ஹில்டா.

"என்ன பெரிய டீச்சரு. வயசு வந்துச்சு, பேசுது. எங்கிட்ட இருந்தாலும் பேசியிருக்கும்."

"பேசியிருக்காதுப்பா. சரி, இருந்து சாப்பிட்டுட்டுப் போங்க."

"பஸ்ஸு போயிரும்."

வெயிலில் இறங்கி நடந்தார். இன்னும் ரெண்டு மாசம் பொறுத்திருந்தால் என்ன, ஹில்டாவுக்கு எல்லாத்துக்கும் அவசரம். வயசு செய்த வேலைக்கு டீச்சருக்குப் பேரு. திரும்பிப் பார்க்காமல் பஸ் நிறுத்தத்தைப் பார்த்துப் போனார்.