தடுக்கல்

டாக்டரம்மா கேட்கப் போகும் கேள்விக்குக் குருவியின் அம்மா பதிலைத் தயாராக வைத்திருந்தாள். வலிப்பு குறைந்துவிட்டது. முன்னெல்லாம் விடிகாலைத் தூக்கத்தில் பிள்ளையின் உடம்பு கட்டையாக விறைக்கும், கண் மேலே செருகிக்கொள்ளும். புது மருந்துக்குப் பிறகு அது எப்போதாவதுதான். சொல்லும்போதே நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். துணிக் கம்பெனியில் திங்கட்கிழமை முதல் அயர்ன் போட வரச் சொல்லியிருந்தார்கள். பகலில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இல்லத்துக்காரியோ, வலிப்பு அடங்கிவிட்டதென்று டாக்டர் கடிதம் கொடுத்தால்தான் குருவியைச் சேர்ப்பேன் என்றிருந்தாள்.

குருவி வீட்டில் கூப்பிடும் பேர். ஆறு வயசு. அப்பன் மடியில் உட்கார்ந்து அவன் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தாள். அவன் சிமெண்ட் கிடங்கில் மூட்டை இறக்குகிறவன். குளித்துவிட்டு வந்தும் நகக்கண்ணில் சிமெண்ட் போகவில்லை.

நெற்றியில் என்ன காயம் என்று டாக்டரம்மா கேட்டார்.

"தடுக்கி விழுந்துட்டா. எப்பவும் அப்படித்தான், கால்ல கவனமே கெடையாது." அம்மா முந்திக்கொண்டாள்.

மோவாயில் இருந்ததும் தடுக்கல்தான். உதட்டுத் தையலும் தடுக்கல்தான். வீட்டில் ரொம்ப நாளாகப் புழங்கும் வார்த்தை. குருவி விழுந்தால், போதை தெளிஞ்சுதா என்று கேட்டு அப்பன் தூக்கி நிறுத்துவான். அலுத்து வந்த நாளில் முதுகில் ஒன்று வைப்பான். சோற்றுக் கை பாதியில் நிற்க அவள் வெறித்துக்கொண்டிருந்தால் அது 'யோசனை'. பெரிய ஆபீசர் யோசிக்கிறாங்க என்று இருவரும் சிரிப்பார்கள். வலிப்பு என்றால் விறைக்க வேண்டும், நுரை தள்ள வேண்டும். மற்றதெல்லாம் பிள்ளையின் குணம்.

"எதுல தடுக்குறா?"

அவள் புருஷனைப் பார்த்தாள். வாயைத் திறக்காதே என்கிற பார்வை. அவன் வீட்டை நினைத்தான். ஒற்றை அறை, மொழுமொழுவென்ற தரை, நடுவில் ஒரு சாமானும் கிடையாது.

"எதுலயும் இல்லீங்க. நின்ன எடத்துலயே பொத்துனு விழுவா. கையக்கூட ஊன மாட்டா. உடனே எந்திரிச்சிடுவா."

அதுவும் வலிப்புதான் என்றார் டாக்டரம்மா. வெறிப்பதும் வலிப்பு. இந்த நோயில் ஒரே பிள்ளைக்குப் பல விதமாக வரும், ஒன்று குறைந்ததை வைத்து எல்லாம் குறைந்ததாக நினைக்க முடியாது. இன்னொரு மருந்து எழுதினார். எழுந்து நடக்கும் நேரமெல்லாம் தலைக்கவசம் போடச் சொன்னார். இல்லத்துக்குக் கடிதம் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை.

பஸ் நிறுத்தத்தில் புருஷனைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு நாள் வாய மூடிக்கிட்டு இருந்தா கொறஞ்சா போயிடுவீங்க? திங்கக்கெழம வேலைக்குப் போயிருப்பேன்."

"அங்க விழுந்து மண்ட ஒடஞ்சா?"

அவள் பிள்ளையைத் தன் பக்கம் இழுத்து, கவுனின் முதுகுத்துணியைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். தான் அடித்திருந்த அந்த முதுகை அவன் தடவப் போய்க் கையை எடுத்துக்கொண்டான்.

பஸ் வந்து நின்றது. ஏறச் சொல்லியும் குருவி ஏறவில்லை. சக்கரத்தைப் பார்த்தபடி நின்றாள். பின்னால் இருந்தவர்கள் முண்டினார்கள்.

"ஏங்க, இது அதுவா? இல்ல, சும்மா பாக்குறாளா?"

அவன் குனிந்து அவள் கண்ணுக்கு முன்னால் கையை ஆட்டினான். இமை ஆடவில்லை. கண்டக்டர் ஏறுகிறீர்களா இல்லையா என்று அதட்டினான்.

"பஸ் போகட்டும்," என்றாள் அம்மா, கவுன் துணியை விடாமல்.