சிவப்பு விளக்கு எரியும் வரை

"அப்போ அடுத்த வாள்வீச்சு என்னன்னு எனக்கு யாருடா சொல்லுவா?" என்று கேட்டான் ஒக்தாவ்.

"யாரும் சொல்ல மாட்டாங்க. மனசுல போட்டு வெச்சுக்க," என்றான் அன்ஸெல்ம். "அந்த மெழுகுவத்திக் கொத்துக்குள்ள மைக்கை ஒளிச்சு வெச்சிருக்காங்க. நீ தும்மினாக்கூட அதுக்குக் கேட்டுடும்."

"இத்தனை வருஷமா நீ கத்துவ, நான் குத்துவேன். என் மூளையே உன் தொண்டையிலதானடா இருக்கு."

ஒக்தாவ் சிரித்தான். பிராந்தி வாடை அடித்தது. இப்போது படமாகிற இதே நாவலை முன்பு ஊமைப்படமாக எடுத்தபோதும் அவன்தான் நாயகன். அவன் கையால் சாகிற எதிரி அன்ஸெல்ம். "மேல, இடது, குனி" என்று அன்ஸெல்ம் சண்டை நெடுக உரக்கச் சொல்லிக்கொண்டே போவான். ஊமைப்படத்தில் யாருக்குக் கேட்கப்போகிறது.

இது பேசும் படம். காலையிலிருந்து அன்ஸெல்ம் வாய்தவறிக் கத்தி இரண்டு ஷாட் வீணாகிவிட்டது. "இன்னொரு தரம் உன் குரல் கேட்டுச்சு, நீயும் அந்தக் குடிகாரனும் பாரிஸுக்கு ரயிலேற வேண்டியதுதான்," என்றிருந்தார் டைரக்டர் பிரிஸார்.

மழுங்கிய வாள்கள் மைக்கில் கரண்டிபோல ஒலித்தனவாம். அதனால் இன்று இருவர் கையிலும் கூர்முனை வாள்.

மணி அடித்தது. ஒலிப்பதிவு தொடங்கிவிட்டதென்று சிவப்பு விளக்கு எரிந்தது.

மாடிப்படியில் எஃகும் எஃகும் மோதிப் பொறி தெறித்தது. நான்காவது வீச்சை ஒக்தாவ் இடம் மாற்றி வீசினான். அன்ஸெல்மின் காது பிளந்து, வெள்ளைச் சரிகைக் கழுத்துப்பட்டை சிவந்தது. அலறலை அவன் விழுங்கிக்கொண்டான். இரைச்சல் வெளியே வராமல் கேமராவை அடைத்திருந்த கண்ணாடிக் கூண்டருகே பிரிஸார் திருப்தியாகத் தலையாட்டினார்.

அடுத்தது மார்புக்கு நேரே பாய்ச்சல். ஒக்தாவ் குனிய வேண்டும். அன்ஸெல்ம் மேல்படியிலிருந்து பாய்ந்துவிட்டான். ஒக்தாவோ குனியாமல், அவன் உதடுகளையே பார்த்தபடி நின்றான்.

'குனி' நாக்கு நுனிவரை வந்தது. அன்ஸெல்ம் பல்லைக் கடித்தான். மணிக்கட்டை மட்டும் திருப்பினான். பாய்ந்த உடம்பைத் திருப்ப முடியவில்லை. கழுத்தெலும்புக்குக் கீழே வாள் இறங்கி, எலும்பில் உரசி, முதுகுப்புறம் துணியைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. அந்தச் சத்தத்தையும் மைக் வாங்கிக்கொண்டது.

ஒக்தாவ் கத்தவில்லை. கைப்பிடிச்சுவரில் சாய்ந்தான். படிகளில் ரத்தம் சொட்டியது. உடம்பில் செருகிய வாளோடு, தன் வாளை மறுபடி உயர்த்தினான்.

விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அவன் அன்ஸெல்மின் கிழிந்த காதருகே முகத்தைக் கொண்டுவந்தான். உதடு அசையவில்லை, மூச்சுதான் வந்தது.

"அடுத்தது என்னன்னு மட்டும் சொல்லுடா."