சிலுவை பிரித்த ஞாயிறு

எனக்கு முன்கோபம் உண்டு. இல்லையென்று சொன்னால் எங்கள் தையல் கூட்டமே விழுந்து விழுந்து சிரிக்கும். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் போட்ட சத்தத்துக்கு ஒருத்தரும் என்னைக் குறை சொல்ல முடியாது.

"ஒண்ணு விடாம எல்லாத்துலயும் போட்டுட்டேன்க்கா!" என்று எங்கள் கூட்டத்தில் நாங்கள் வாயாடி என்று கூப்பிடும் பெண் பெருமையாக ஒரு கவுனைத் தூக்கிக் காட்டினாள். கழுத்துக்குக் கீழே, சிவப்பு நூலில், அழகாக ஒரு குட்டிச் சிலுவை.

பலிபீடத் துணி, பாடகர் அங்கி, எது தைத்தாலும் கடைசியில் ஒரு சிலுவை போட்டு முடிப்பது எங்கள் ஆலயத்துப் பெண்களின் பழக்கம். அவள் கை தானாகப் போட்டுவிட்டது. ஆனால் இவை அங்கிகள் அல்ல. ஆஸ்பத்திரி நோயாளிகள் உடுத்தும் கவுன்கள். நண்பகலில் எடுத்துப்போக ஆஸ்பத்திரி வண்டி வந்துவிடும்.

"அடிப் பாவி! ஆபரேஷனுக்குப் படுக்கிறவன் இதைப் பார்த்தா, மேல போறதுக்கு டிக்கெட் எடுத்தாச்சுன்னு நினைச்சுக்குவான்டி!"

அவள் முகம் சுருங்கிப்போயிற்று. இந்தக் கவுன்கள் திரும்பி வந்தால் நாங்களும் திரும்பிப் போக வேண்டியதுதான், சனிக்கிழமை வரிசைக்கு.

அந்த வரிசையை நினைத்தாலே எனக்கு இன்றும் காது சூடாகும். ஆலய வாசலில் மேசை போட்டு எங்களைப் போல இல்லாதப்பட்டவர்களுக்கு இலவச மளிகைப் பை கொடுப்பார்கள். கமிட்டியில் சாவிக்கொத்து வைத்திருக்கும் சாவி மாமா, "அடுத்த ஆள்!" என்று தெருமுனை வரை கேட்கக் கத்துவார். டாக்டர் வீட்டம்மா பையை நீட்டுவார்கள், என் முகத்தைப் பார்க்காமல். நல்ல மனுஷிதான். பார்த்தால் நான் கூசுவேன் என்று நினைத்திருக்கலாம். பார்க்காததுதான் எனக்கு வலித்தது.

புதிதாக வந்த போதகர்தான், நாங்களே சம்பாதிக்கட்டும் என்று, ஆறு நாள் பூட்டிக் கிடக்கும் மண்டபத்தைத் திறந்து தையல் மெஷின்களைப் போட வைத்தார். சாவி மாமா விடவில்லை. முதல் ஆர்டர் சொதப்பினால் மண்டபத்துக்கு மறுபடி பூட்டு என்று கமிட்டியில் எழுதி வாங்கிவிட்டார்.

நான் கவுனும் கையுமாக போதகர் அறைக்கு ஓடினேன். ஆராதனை மணி அடித்துக்கொண்டிருந்தது. அவர் சிலுவையைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார்.

"மூட்டையெல்லாம் உள்ள கொண்டு வாங்கம்மா."

"எங்க ஐயா?"

"ஆராதனைக்குத்தான்!"

முதல் பாட்டு முடிந்ததும் விஷயத்தை அப்படியே சபையிடம் சொன்னார். பிறகு, "இன்னைக்குப் பிரசங்கம் கிடையாது" என்றார். பாடகர் குழுவிலிருந்து ஒரு ஆமென் வந்தது பாருங்கள், அவ்வளவு உற்சாகமான ஆமெனை அந்தக் கூரை கேட்டிருக்காது.

கவுன்கள் பெஞ்சு பெஞ்சாகக் கைமாறின. கத்தரிக்கோல் போதவில்லை. ஊக்கு, கொண்டை ஊசி, நகவெட்டி எல்லாம் வெளியே வந்தன. பாடகர்கள் பாடிக்கொண்டே பிரித்தார்கள். வேகமான பாட்டு வந்தால் கைகளும் பறந்தன. நான் செருப்பில்லாமல் வரிசைக்கு வரிசை ஓடினேன். "முடிச்சை வெட்டுங்க, நூலை இழுக்காதீங்க! துணி கிழிஞ்சுடும்!" யாரை அதட்டுகிறேன் என்றே பார்க்கவில்லை. வாயாடி அழுதுகொண்டே எல்லோரையும்விட வேகமாகப் பிரித்தாள்.

"சரியா பிரிச்சிருக்கேனா, பாரும்மா" என்று யாரோ என் கையைப் பிடித்தார்கள். டாக்டர் வீட்டம்மா. என் முகத்தை நேராகப் பார்த்துக் கேட்டார்கள். "ரொம்ப சரி" என்றேன்.

பிரித்த கவுன்களைச் சரிபார்க்க நான் முன்னால் மேசை போட்டு உட்கார்ந்தேன். சபையே வரிசையில் நின்றது. அவசரத்தில் என்னையும் அறியாமல் கத்திவிட்டேன்.

"அடுத்த ஆள்!"

நிமிர்ந்தால் சாவி மாமா. மூக்குக்கண்ணாடி நுனிமூக்கில், கையில் கவுன். பள்ளிக்கூடப் பையன் நோட்டை நீட்டுவதுபோல நீட்டினார். ஓரத்தில் ஒரு சிவப்பு இழை.

"இன்னும் இருக்கு மாமா. மறுபடி பாருங்க."

எடுத்துக்கொண்டு போய் மறுபடி பிரிக்க உட்கார்ந்தார்!

வண்டியில் வந்த ஆஸ்பத்திரி அம்மா ஒரு கவுனை விரித்தார். கழுத்துக்குக் கீழே கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஊசித் துளைகள். அவர் நகத்தால் அந்த இடத்தை இரண்டு தேய் தேய்த்தார். துளைகள் மூடிக்கொண்டன.

"தையல் கெட்டியா இருக்கே. படுக்கை விரிப்பும் தைப்பீங்களா?"

"எல்லாம் தைப்போம்!" என்று எனக்கு முன்னால் கத்தியது வாயாடி. நான் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

வண்டி போனதும் சாவி மாமா தொண்டையைச் செருமினார்.

"சரி, வர்ற சனிக்கிழமைக்கு உங்க ஆளுங்களுக்குப் பை எடுத்து வைக்கணுமே. எத்தனை பேரு வருவீங்க?"

நான் எங்கள் பெண்களைப் பார்த்தேன். அவர்கள் என்னைப் பார்த்தார்கள்.

"பை வேண்டாம் மாமா," என்று கையை நீட்டினேன். "சாவியைக் குடுங்க."

கொத்திலிருந்து மண்டபத்துச் சாவியைக் கழற்ற அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. நான் கையை மடக்கவே இல்லை.