முப்பதுக்கு ஒன்பது

கல்யாண மண்டபத்தின் மணமகள் அறையில் அன்று காலை பத்தரை மணிக்கு இருந்தவர்கள் ஐந்து பேர். கோட்டும் டையுமாக டாக்டர் விஜயராஜ். நார்வேயிலிருந்து வந்திருந்த டாக்டரம்மா. ஆறடி உயரம், கோவில்பட்டி வெயிலில் முகம் தக்காளியாகச் சிவந்திருந்தது. கயத்தாறுக்குக் கிழக்கே ஒரு கரிசல் கிராமத்திலிருந்து வேனில் ஏற்றி வரப்பட்ட ஆறுமுகத்தாய். கேள்விப் பாரத்தில் எழுதிய வயது எழுபத்தொன்று, கூட நாலைந்து இருக்கும் என்பது அவளுடைய கணக்கு. அவளுடைய ஒரே மகன் சோலைராஜ், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில். கடைசியாக, வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டு அந்தப் பாரத்தை நிரப்பிய பொன்மணி. சுவர்க்கண்ணாடி பூராவும் போன தை முகூர்த்தத்துப் பெண்கள் ஒட்டிவிட்டுப் போன ஸ்டிக்கர் பொட்டுகள்.

மாநாடு மதுரையில், பெரிய ஓட்டலில். முதியோர் மருத்துவம் பற்றிப் பதினொரு நாட்டு டாக்டர்கள் இரண்டு நாள் திரையில் படம் போட்டுப் பேசினார்கள். மூன்றாம் நாள், நிஜ முதியோரைக் கண்ணால் பார்க்க, இரண்டு ஏசி பஸ்ஸில் கோவில்பட்டிக்கு வந்திறங்கினார்கள். கல்யாண மண்டபம் டாக்டர் விஜயராஜின் மாமனாருடையது. தீப்பெட்டி ஆபீஸ் நடத்துகிறவர். மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காருகிற சிம்மாசனங்களை மேடையில் ஓரமாகத் தள்ளிவிட்டு நடுவில் திரை கட்டியிருந்தார்கள். கரிசல் காட்டு முதியவர்களில் எத்தனை பேருக்கு மறதி நோய் என்று டாக்டர் இரண்டு வருஷமாக ஆராய்ந்துகொண்டிருந்தார். முந்நூறு பேர், ஆளுக்கு முப்பது மார்க். இருபதுக்குக் கீழே போனால் நோய்.

அந்த முந்நூறில் நூற்றுப்பன்னிரண்டு பேரைக் கேட்டவள் பொன்மணி. பி.எஸ்சி. கணக்கை இரண்டாம் வருஷத்தோடு விட்டவள். அப்புறம் மில்லில் இரண்டு வருஷம் நைட் ஷிப்ட்; பஞ்சு நெஞ்சில் இறங்கியதும் இருமிக்கொண்டே வெளியே வந்தவள். இந்த வேலைக்குப் பயிற்சி கொடுத்தபோது டாக்டர் சொன்னார்: விடைத்தாளில் இருக்கிற பதில் வந்தால் ஒன்று, வேறு எது வந்தாலும் சைபர், உங்கள் மூளையை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். மூளை நோயைத் தேடிப் போகிறவர்களுக்கு இது நல்ல ஏற்பாடுதான் என்று அவளுக்கு அப்போதே தோன்றியது. சொல்லவில்லை. வேலை வேண்டியிருந்தது.

ஆறுமுகத்தாயை அவள் கேட்டது ஐப்பசியில். கிழவி வாசலில் வேலிக்கருவை விறகைத் தறித்துக்கொண்டே பதில் சொன்னாள்.

"இது என்ன வருசம், பெரியம்மா?"

"விக்கிரம."

பஞ்சாங்கத்தில் அதேதான்; விடைத்தாளில் இரண்டாயிரம் என்று இருந்தது. சைபர்.

"இப்ப என்ன பருவம்?"

கிழவி அரிவாளை நிறுத்தினாள். வானத்தைப் பார்த்தாள். "பருவமா? பருவம் தப்பிப்போச்சு தாயி. வெதச்ச உளுந்து மண்ணுக்குள்ளயே கெடக்கு."

விடைத்தாளில் மழைக்காலம். ஒரு பொட்டுத் தூறல் விழாத ஐப்பசியில் மழைக்காலம் என்று சொல்லாததற்கு ஒரு சைபர். எந்த மாடியில் இருக்கிறோம் என்ற கேள்விக்கு, "மாடியா? எங்கன இருக்கு? எனக்குக் காட்டு பாப்போம்" என்று எழுந்தே விட்டாள். அதற்கு ஒரு சைபர். மூன்று வார்த்தைகளைச் சொல்லிக் கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பக் கேட்க வேண்டும்: ஆப்பிள், மேசை, காசு. மேசையும் காசும் உடனே வந்தன. "இன்னொண்ணு, அதான்ட்டி, ஆஸ்பத்திரில கெடக்கவனப் பாக்கப் போனா வாங்கிட்டுப் போவாவளே, அந்தப் பழம்." சைபர். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னபோது, "எதுக்குக் கழிக்கணும்? யாரு எடுத்துட்டுப் போறா?" என்றாள். ஐந்து மார்க் ஒரே வீச்சில் போனது. அட்டையில் எழுதியிருப்பதைப் படித்து அதன்படி செய்யவேண்டும். பேனா பிடித்து ஒரு வாக்கியம் எழுதவேண்டும். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவள் எதைப் படிப்பாள், எதை எழுதுவாள்? கூட்டிப் பார்த்தால் முப்பதுக்கு ஒன்பது. பொன்மணி அடியில் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். நூற்றுப்பன்னிரண்டு வீட்டிலும் அப்படித்தான் போட்டாள்.

அந்த ஒன்பது இப்போது சோலைராஜுக்குத் தேவைப்பட்டது. ஆறுமுகத்தாய் பேரில் நாலு ஏக்கர் கரிசல். மின்சாரம் எடுக்கக் காற்றாடி நடுகிற கம்பெனிக்குத் தரகர் கேட்டபோது மகன் சரி என்றான், தாய் முடியாது என்றாள். தாய்க்குப் புத்தி சுவாதீனம் இல்லை என்று பெரிய டாக்டர் ஒருவர் எழுதிக் கொடுத்தால், அவளுடைய முடியாது செல்லாமல் போகும். அதற்காகத்தான் இஸ்திரிச் சட்டை போட்டு மாநாட்டுக்குக் கூடவே வந்திருந்தான்.

நார்வே டாக்டரம்மா ஒரு தாளை நீட்டினாள். நோயாளியை மேடையில் ஏற்றிக் கேள்வி கேட்க, படம் பிடிக்க, நோயாளியின் சம்மதம் வேண்டும். டாக்டர் விஜயராஜ் மைப்பெட்டியைத் திறந்தார்.

"அம்மா, இதுல கட்டை விரலை வைங்க."

"இது என்னது?"

"ஒண்ணுமில்ல. உங்ககிட்ட கேள்வி கேக்கறதுக்கு நீங்க சம்மதிக்கீங்கன்னு."

"வையி. வெள்ளக்காரங்க காத்துக்கிட்டு இருக்காவ" என்று சோலைராஜ் தாயின் கையைப் பிடித்தான்.

ஆறுமுகத்தாய் கையை உருவிக்கொண்டாள். முந்தானையில் அந்த விரலை மட்டும் தனியாகத் துடைத்தாள், மை படாத விரலை.

"ஏலே, எனக்குப் புத்தி இல்லன்னு ஊர் பூரா சொல்லிட்டுத் திரியுதியே. புத்தி இல்லாதவ கைநாட்டு எந்த ஊருலலே செல்லும்? டாக்டரய்யா, நீங்க சொல்லுங்க. எனக்குப் புத்தி இல்லன்னா இந்தக் கைநாட்டு எதுக்கு? கைநாட்டு செல்லும்னா, புத்தி இல்லன்னு எழுதி வச்சிருக்கீயளே, அந்தத் தாளைக் கிழிங்க. ரெண்டுல ஒண்ணு."

டாக்டரம்மா புருவத்தை உயர்த்தி, என்ன சொல்கிறாள் என்று இங்கிலீஷில் கேட்டாள். அவள் குழம்பிப் போயிருக்கிறாள், இந்த நோயில் இது சகஜம் என்றார் விஜயராஜ். டாக்டரம்மா தலையாட்டிக்கொண்டே பொன்மணியைப் பார்த்தாள். மொழிபெயர்க்க வேண்டியவள் அவள்தான். அதற்காகத்தான் சட்டையில் அட்டை குத்தி நிறுத்தியிருந்தார்கள். நைட் ஷிப்டில் மெஷினில் நூல் அறுந்து அறுந்து விழும்போது மேஸ்திரி பின்னால் வந்து நிற்பானே, அந்த மாதிரி பொன்மணிக்குக் கழுத்தில் சூடு ஏறியது. மில்லில் அப்போதெல்லாம் தலையைக் குனிந்துகொள்வாள். இப்போது குனிய இடமில்லை; எதிரே கண்ணாடி, அதில் யார் யார் பொட்டோ அவள் நெற்றிக்கு நேரே.

ஓட்டை இங்கிலீஷில் சொன்னாள். ஒரு சொல் விடாமல் சொன்னாள். ரெண்டுல ஒண்ணு என்பதைக்கூட விரலை நீட்டிக் காட்டிச் சொன்னாள்.

டாக்டரம்மா பாராட்டவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள். கைநாட்டு இல்லாமல் மேடை கிடையாது, அது விதி என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் பாட்டிலைத் திறந்துகொண்டு வெளியே போனாள். கதவு வரைக்கும் அவள் பின்னாலேயே போன விஜயராஜ் திரும்பி வந்து பொன்மணியின் முகத்துக்கு நேரே குனிந்து, "உன்னைய மொழிபெயர்க்கத்தான் கூப்பிட்டேன், வக்காலத்து வாங்க இல்ல" என்றார்.

"அவிய சொன்னதத்தான் சார் சொன்னேன்."

"நாளையில இருந்து நீ வர வேண்டாம். இன்னைக்கி சாயங்காலம் வரைக்கும் வாயை மூடிக்கிட்டு இரு."

மேடையில் நோயாளி இல்லாமலே கூட்டம் நடந்தது. பொன்மணியும் ஆறுமுகத்தாயும் கடைசி வரிசையில், கல்யாணத்துக்குப் போடுகிற பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். விளக்கை அணைத்துத் திரையில் ஒவ்வொரு படமாகப் போட்டார் விஜயராஜ். கம்பங்கதிர், மாட்டு வண்டி, சுருக்கம் விழுந்த முகங்கள். அப்புறம் ஒரு பெரிய எண், சிவப்பில். முன்வரிசையில் கைதட்டல் ஆரம்பித்துப் பின்னால் வரைக்கும் வந்தது.

"எதுக்குட்டி கை தட்டுதாவ?"

"நம்ம பக்கத்துல வயசானவங்க நூறு பேருல முப்பத்தெட்டுப் பேருக்குப் புத்தி இல்லையாம், பெரியம்மா."

"அப்ப மிச்சம் அறுவத்திரெண்டு பேரும் இங்கன வந்துல்லா கை தட்டுதாவ."

பொன்மணிக்குச் சிரிப்பு வந்தது. பாதியிலேயே நின்றது. நூறிலிருந்து முப்பத்தெட்டைக் கிழவி கழித்துவிட்டாள். விரலை மடக்கவில்லை, உதட்டை அசைக்கவில்லை. நாக்கு நுனியில் விடை. அன்றைக்கு வாசலில் இதே கழித்தலுக்குத்தான் ஐந்து சைபர். கேள்வியைக் கேட்டவிதம் தப்பு. கிழவிக்குப் பதில் தெரிந்தும் பொன்மணியின் கை சைபர் போட்டிருக்கிறது. அந்தச் சிவப்பு எண்ணில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அவளுடைய கையெழுத்து. வண்டி ஏறி வந்த பதினொரு நாடும் அதை வீட்டுக்கு எடுத்துப் போகப் போகிறது. நாலு ஏக்கர் கரிசல் காற்றாடிக்காரனிடம் போகப் போகிறது.

சாப்பாட்டுக்கு எழுந்தபோது சோலைராஜ் டாக்டரைப் பிடித்துவிட்டான். பந்தியில் இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டு கைகளையும் குவித்துக்கொண்டு அவன் என்னவோ சொல்ல, விஜயராஜ் தோளில் தட்டிக் கொடுத்தார். பிறகு விரலைச் சொடுக்கிப் பொன்மணியைக் கூப்பிட்டு அறைச் சாவியை நீட்டினார்.

"மாப்பிள்ளை ரூம்ல டிரங்குப் பெட்டி இருக்கு. அந்தம்மா பாரத்தை எடுத்து வை. சாப்பிட்டு வந்து மார்க்கைப் பாத்து சர்டிபிகேட் எழுதிக் குடுத்துருதேன். பாவம், மனுசன் அலையுதாரு."

"அந்த மார்க் தப்பு சார்."

"போட்டது யாரு?"

"நான்தான்."

"பெறகென்ன? கையெழுத்து உன்னது. பாரத்துல என்ன இருக்கோ அதுதான் உண்மை. போ."

டாக்டரம்மாவை இலைக்கு அழைத்துப் போக அவர் திரும்பிவிட்டார். பொன்மணி சாவியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். ஒவ்வொரு பாரத்தின் கடைசிப் பக்கத்திலும் பொடி எழுத்தில் ஒரு வரி உண்டு, விஜயராஜே எழுதியது: பதிவில் பிழை இருந்தால், பதில் சொன்னவர் முன்னிலையில், கேள்வி கேட்டவர் திருத்தலாம், திருத்திய இடத்தில் சுருக்கொப்பம் இட வேண்டும். நாளைக்கு அவள் இந்த வேலையில் இல்லை. சாயங்காலம் வரைக்கும் இருக்கிறாள்.

"பெரியம்மா, எந்திரிங்க."

"சோறு போடுதாவட்டி."

"பெறகு சாப்பிடலாம். ஒங்ககிட்ட ஒரு தடவை திரும்பக் கேக்கணும்."

கிழவி அவள் முகத்தைப் பார்த்தாள். என்ன கண்டாளோ, முழங்காலில் கையை ஊன்றி எழுந்தாள். "இந்தத் தடவ நூறுல ஏழத் தூக்கிட்டுப் போறவன் யாருன்னு சொல்லிட்டுக் கேளு. அப்பந்தான் நானும் சொல்லுவேன்."

பந்திக்கு வெளியே சோலைராஜ் குறுக்கே வந்தான். "ஏம்மா, அம்மாவ எங்க கூட்டிட்டுப் போறிய?"

"கேள்வி கேக்க."

"அதான் அப்பவே கேட்டாச்சுல்லா."

"ஒழுங்காக் கேக்கல, அண்ணாச்சி."

"இப்ப எதுக்கு? நில்லுங்க. டாக்டர் சார்! டாக்டர் சார், இங்க பாருங்க!"

பந்தியில் தலைகள் திரும்பின. விஜயராஜ் சாம்பார் வாளிக்குப் பின்னாலிருந்து எழுந்து கையை உதறிக்கொண்டு வருவது தெரிந்தது. பொன்மணி நடையைக் கூட்டவில்லை. கிழவியின் முழங்கால் என்ன வேகம் தாங்குமோ அந்த வேகத்தில்தான் தாழ்வாரத்தைக் கடந்தார்கள். மாப்பிள்ளை அறையின் பூட்டில் சாவி முதலில் சிக்கியது, பிறகு திரும்பியது. உள்ளே காய்ந்த ரோஜா மாலை நாற்றம். கட்டிலின் மேல் தகரப் பெட்டிகள் இரண்டு. "முந்நூறு பேரும் இதுக்குள்ளதான் இருக்காவ, பெரியம்மா" என்றாள் பொன்மணி.

"அம்மாடி, எம்புட்டுப் பேருட்டி" என்றபடி ஆறுமுகத்தாய் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசல்படியைத் தாண்டினாள். அவளுக்குப் பின்னால் பொன்மணி உள்ளே நுழைந்து கதவைச் சாத்தினாள். வெளியே சோலைராஜின் கை கதவில் விழுந்த அதே நேரத்தில் தாழ்ப்பாளைப் போட்டு, சாவியையும் உள்பக்கமாக இரண்டு சுற்றுச் சுற்றிப் பூட்டினாள்.