ராத்கே பெட்டி

எங்கள் ஓஸ்டர்ஹாஃபென் நகராட்சிக்குக் காது முளைத்து இரண்டு வருடம் ஆகிறது. அதற்கு முன்பு அது எல்லா ஊர் நகராட்சியையும் போலத்தான் இருந்தது. பிறகு முனைவர் ஃபோல்க்மார் எஸ்பென்ஹான் வந்தார். குடிமக்கள் உரையாடல் பிரிவு என்று ஒன்றைத் தொடங்கி, 'நகரம் கேட்கிறது' என்ற செயலியை வெளியிட்டார். குழியோ குப்பையோ எரியாத விளக்கோ, படம் எடுத்து அனுப்பினால் போதும். தொடக்க விழாவில் கேட்பதன் அருமையைப் பற்றி நெடுநேரம் பேசினார். வேறு யாரையும் பேச விடவில்லை.

எங்கள் எல்லர் தெரு முனையில் பெரிய சாலை. அதைக் கடந்தால் பேக்கரி. கடப்பதற்குச் சிக்னல் உண்டு, சாலை நடுவே நின்று மூச்சு வாங்க ஒரு திட்டும் உண்டு. இலையுதிர் காலத்தில் யாரோ வந்து அந்தச் சிக்னலை 'மேம்படுத்தி'விட்டுப் போனார்கள். அன்றிலிருந்து நடப்பவர்களுக்கான பச்சை, ஒரு தும்மல் தும்மி முடிப்பதற்குள் சிவப்பாகிவிடும். கால் திடமானவர்கள் ஓடிக் கடந்தார்கள்.

என்னோ ட்யார்க்ஸால் ஓட முடியாது. பக்கவாதம் வந்து தேறியவர். சக்கரம் வைத்த நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு, தினமும் காலையில் தனியாகப் போய்க் கசகசா தூவிய பன் வாங்கி வருவார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பின் யார் துணையும் இல்லாமல் அவர் செய்த ஒரே காரியம் அதுதான். ஒரு நாள் நடுச்சாலையில் சிவப்பு விழுந்தது. ஒரு லாரி அவர் வண்டிக் கூடையை உரசிக்கொண்டு நின்றது. மறுநாளிலிருந்து அவர் வெளியே போகவில்லை. தனக்குப் பன்னே பிடிக்காது என்று சொல்லிவிட்டார். அவர் மனைவி வீப்கேவுக்கு அது பொய் என்று தெரியும். நாற்பது வருடமாக அவருக்குப் பன்னில் வெண்ணெய் தடவிக் கொடுத்தவர் அவர்.

வீப்கே செயலியில் எழுதினார். உடனே பதில் வந்தது: "மிக்க நன்றி! உங்கள் குறை, ஏற்கெனவே உள்ள குறைகளோடு இணைக்கப்பட்டு, இனிதே முடித்துவைக்கப்பட்டது." மறுபடி எழுதினார். மறுபடியும் இனிதே முடிந்தது. பல தடவை இனிதே முடிந்த பிறகு தொலைபேசியை எடுத்தார்.

"எல்லர் தெருவா?" மறுமுனையில் இருந்த பெண் சிரிப்பை அடக்குவது கேட்டது. "அம்மா, உங்க தெருவுக்குன்னு தனிப் பெட்டி இருக்கு. அந்தத் தெருப் பேரு வந்தாலே கம்ப்யூட்டர் தானா அதுல போட்டு மூடிடும். நாங்க அதை ராத்கே பெட்டின்னு சொல்லுவோம்."

"மூடுனதை யாரு படிப்பா?"

"வெள்ளிக்கிழமை படிப்போம். கேக் இருந்தா."

ராத்கே யாரென்று எங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ரயில்வேயில் கால அட்டவணை போட்டு ஓய்வு பெற்றவர். இரண்டாம் மாடி ஜன்னலில் கழுத்தில் தூரக்கண்ணாடியோடு நிற்பார், பறவை பார்க்கிறாராம். அவர் பார்த்த பறவைகள்: நடைபாதையை ஒரு சாண் தொட்டு நிற்கும் கார், முந்தின நாளே வெளியே வைத்த மஞ்சள் குப்பைப் பை, சத்தமே கூடாத ஞாயிற்றுக்கிழமையில் சுவரில் துளை போடும் சத்தம், வேலியைத் தாண்டிய செடி. எல்லாமே படத்தோடு நகராட்சிக்குப் போகும். "நான் இந்த ஊரோட மனசாட்சி" என்பார். மனசாட்சிக்கு வேண்டிய குணம் ஒன்று அவருக்கு நிச்சயமாக இருந்தது. யாரையும் தூங்க விடமாட்டார்.

வீப்கே நேராக அவர் வீட்டு மணியை அடித்தார்.

"ராத்கே ஐயா, ஒரு மாசம் நீங்க எழுதக் கூடாது."

"நான் எழுதலேன்னா இந்தத் தெரு ஒரே வாரத்துல சீரழிஞ்சு போயிடும், தெரியுமா?"

"சீரழியட்டும். உங்க வேலிச் செடிப் புகாருக்கு அடியில எங்க சிக்னல் புதைஞ்சு கெடக்கு. என் வீட்டுக்காரரு பொம்மை மாதிரி ஜன்னல்ல உக்காந்திருக்காரு."

"என் கடமைன்னு ஒண்ணு இருக்கும்மா."

வீப்கே கொஞ்சம் யோசித்தார். பிறகு குரலை இறக்கினார். "அது சரிதான். ஆனா ஒண்ணு. நீங்க நிறுத்தினா அங்க ஒருத்தராவது கவனிப்பாங்களான்னு உங்களுக்கே சந்தேகம் போல."

ராத்கேவின் காது சிவந்தது. "சந்தேகமா? ஒரு மாசம் என்ன ஒரு மாசம்! ரெண்டே வாரத்துல என்னைத் தேடிக்கிட்டு வருவாங்க, பாருங்க."

"பாத்துருவோம்" என்றார் வீப்கே.

அடுத்த நாட்களை ராத்கே எப்படிக் கழித்தார் என்பதைத் தெருவே வேடிக்கை பார்த்தது. எதிர் வீட்டில் சாமான் ஏற்ற வந்த வண்டி அனுமதிப் பலகை இல்லாமல் அரை நாள் நின்றது. ராத்கே ஜன்னலில் வந்து, கையை உயர்த்தி, போனை எடுத்து, திரும்ப வைத்து, ஜன்னலின் ஷட்டரை இறக்கிவிட்டார். தெருவின் காலிப் பாட்டில் தொட்டியில், சத்தம் கூடாத மதிய ஓய்வு நேரத்தில் யாரோ கண்ணாடிப் பாட்டில் போட்டார்கள். இன்னொரு ஷட்டரும் இறங்கியது. கடைசியில் பகலிலும் எல்லா ஷட்டரும் மூடியே கிடந்தன. விரதம் இருப்பவரைப் போல இளைத்துவிட்டார்.

நகராட்சியிலோ வேறு கவலை. செயலியில் அதிகம் பேசும் ஊருக்கு மாநிலத் தலைநகரில் ஒரு விருது. எஸ்பென்ஹான் அதற்கு மனுப்போட்டிருந்தார். உரை கூடத் தயார். திடீரென்று ஊரின் பேச்சு பாதியாகச் சரிந்தது. விசாரித்தால், ஊரின் பேச்சில் பாதி ராத்கேவாம். பகலில் ஷட்டர் மூடிய வீடு என்றதும், மனிதர் காலமாகிவிட்டார் என்று முடிவு கட்டினார்கள். துக்கம் கேட்க முனைவரே நேரில் புறப்பட்டார், கையில் வெள்ளைப் பூங்கொத்தோடு.

பேருந்து நிறுத்தம் சாலைக்கு அந்தப் பக்கம். அன்று காலை வீப்கே தன் கணவரிடம், "இன்னிக்கு நான் கூட வரேன், வா. பயந்துக்கிட்டே சாகறதுக்கு, பன் தின்னுட்டுச் சாகலாம்" என்று சொல்லிக் கிளப்பியிருந்தார். ஓடுகிற கூட்டத்தோடு கூட்டமாக எப்படியோ போய்விட்டார்கள். பன் வாங்கித் திரும்பும்போது, பக்கத்தில் பூங்கொத்தோடு ஒரு கனவான் பச்சைக்காக நின்றார். என்னோ அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, கொஞ்சம் கை குடுங்க."

தம்பிக்கு வயது ஐம்பத்தைந்து. உதற முடியவில்லை, மூன்று பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பச்சை விழுந்தது. திட்டை எட்டுவதற்குள் சிவப்பு. அங்கிருந்து அடுத்த பச்சை. பாதிச் சாலையில் மறுபடி சிவப்பு. வளைவில் ஒரு லாரி திரும்பி ஹாரன் அடித்தது. குடிமக்கள் உரையாடல் பிரிவின் தலைவர் வாழ்க்கையில் முதல் முறையாகச் சிவப்பு விளக்கில் நடுச்சாலையில் நின்றார். நின்று, பூங்கொத்தைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினார். லாரி நின்றது. பூக்களில் பாதி உதிர்ந்தது.

கரையேறியதும் அவருக்கு மூச்சு வாங்கியது. "இதை யாராவது நகராட்சிக்குச் சொல்லக் கூடாதா?"

"சொல்லிட்டே இருக்கோம்" என்றார் வீப்கே, தொடக்க விழாவில் பார்த்த முகத்தை அடையாளம் கண்டுகொண்டு. "நீங்களும் ஒரு தடவ சொல்லிப் பாருங்களேன். தெருப் பேரு எல்லர்."

அவர் தன் செயலியைத் திறந்து தானே எழுதினார். உடனே பதில் வந்தது. படித்தார். இனிதே முடிந்திருந்தது.

"உள்ள காபி இருக்கு" என்றார் வீப்கே, தன் வீட்டு வாசற்படியை அடைத்து நின்றபடி. "சிக்னல்காரங்களுக்கு இப்பவே போன் போட்டீங்கன்னா குடிக்கலாம். இல்லேன்னா பஸ் ஸ்டாப் அந்தப் பக்கம். போய்ட்டு வாங்க. வேணும்னா என் வீட்டுக்காரரு கை குடுப்பாரு."

முனைவர் சாலையைப் பார்த்தார். போனை எடுத்தார். அன்று மாலையே ஆள் வந்து சிக்னலைச் சரி செய்துவிட்டுப் போனான்.

மிச்சமிருந்த பூங்கொத்து ராத்கேவுக்குப் போனது. கதவைத் திறந்த பிணத்தைக் கண்டு முனைவர் ஒரு அடி பின்னால் போனார். ராத்கேவின் கண் கலங்கிவிட்டது. "தேடி வந்துட்டாங்க, பாத்தீங்களா!" என்று மாடியிலிருந்து தெருவுக்கே கேட்கும்படி கத்தினார். எல்லா ஷட்டரும் ஒரே நேரத்தில் மேலே ஏறின.

போகும்போது எஸ்பென்ஹான் குற்ற உணர்ச்சியோடு வீப்கேவிடம் சொன்னார்: "அந்தத் தனிப் பெட்டியை நாளைக்கே எடுத்துடறேம்மா."

"வேண்டாம்" என்றார் வீப்கே. "இருக்கட்டும்."

என்னோ இப்போது காலையில் தனியாகப் போகிறார். ஒரே பச்சையில் முழுச் சாலையையும் கடக்கிறார். நேரம் மிஞ்சுகிறது. அதனால் நடுவில் நின்று தொப்பியைச் சரி செய்து, காத்திருக்கும் லாரிக்கு ஒரு வணக்கமும் வைக்கிறார். நேற்று ராத்கே தூரக்கண்ணாடியை இறக்கிவிட்டுப் போனை எடுத்தார். எல்லர் தெரு முனையில் பச்சை விளக்கு அளவுக்கு மீறி நீளமாக எரிகிறது, உடனே குறைக்க வேண்டும் என்று படத்தோடு நகராட்சிக்கு எழுதினார்.

வெள்ளிக்கிழமை படிப்பார்கள். கேக் இருந்தால்.