பூச்சோங்குக்குப் போகும் அலமாரி

அண்ணன் மார்வின் லோரியோடு வருவதாகச் சொன்ன சனிக்கிழமை காலை, அம்மாவின் அலமாரிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். பேரனைப் பார்த்துக்கொள்ள அம்மா பூச்சோங்கில் அண்ணன் வீட்டுக்குப் போனபோது, "புள்ள நடக்க ஆரம்பிச்சதும் வந்துர்றேன், கேரன்" என்றார். சேலைகளை இங்கேயே விட்டுவிட்டுப் போனார். பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டில் இந்த அலமாரி நிற்கும்வரை அவர் திரும்பி வருவார் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

நான் படிக்கும் மொழிபெயர்ப்பு நாவல்களில் எந்த ஊரானாலும் ஓர் அலமாரி வந்துவிடும். தூக்கம் வராமல் அந்தச் சொல்லைத் தேடிப் பார்த்தேன். லத்தீனில் அது ஆயுதங்களும் கருவிகளும் வைக்கும் இடம். பிறகு மடங்களில் துறவிகள் அதில் புத்தகங்களை வைத்துப் பூட்டினார்கள். பிரெஞ்சுக்காரர்களுக்கு அது துணி அலமாரி. இங்கிலாந்தில் தேவாலயச் சுவரில் ஒரு சிறிய மாடமாகச் சுருங்கி, புனித எண்ணெயைக் காத்தது. போர்ச்சுகீசியர் கப்பலில் வந்த சொல் நமக்கும் மலாய்க்காரர்களுக்கும் ஒட்டிக்கொண்டது. இதையெல்லாம் யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது.

மார்வின் வந்ததும் அவனிடம் சொன்னேன். "முதல்ல இது ஆயுதம் வைக்கிற பெட்டி, தெரியுமா?"

"உள்ள அம்மா நைட்டிதான் இருக்கு. அந்தப் பக்கம் புடி லா."

லோரிக்காரர் கன்னையா சிரித்தார். "ரெண்டும் ஒண்ணுதான் பாஸ். என் வீட்டுக்காரி நைட்டிய மாட்டினாலே சண்டைக்கு ரெடி."

"அண்ணே, இன்னும் கொஞ்ச நாள் இங்க இருக்கட்டுமே" என்றேன் மார்வினிடம்.

"அம்மா எத்தன நாளைக்கு சூட்கேஸ்லருந்து எடுத்து உடுத்துவாங்க? புள்ள நடக்க ஆரம்பிச்சு எவ்வளவோ நாளாச்சு. உனக்கே தெரியும்."

தெரியும்.

மார்வின் மேல்தட்டிலிருந்து சிலுவையாக மடித்த குருத்தோலையை எடுத்து நீட்டினான். "இத உன்கிட்ட குடுக்கச் சொன்னாங்க."

குருத்து ஞாயிறன்று கோயிலில் மந்திரித்த ஓலை அது. எத்தனை பேர் கை நீட்டினாலும் அம்மா ஒன்றுதான் வாங்குவார். வீட்டுக்கு ஒன்று போதும் என்பார்.

"அங்க வேணாமா?"

"அங்கயா? இந்த வருஷம் அம்மாவே வாங்கி வாசக்கதவுல செருகிட்டாங்க."

ஓலையைச் சன்னல் கம்பியில் செருகிவிட்டு, அலமாரியின் அடுத்த பக்கத்தைப் பிடித்தேன். கன்னையா வந்து வாங்கப் பார்த்தார். கொடுக்கவில்லை. லோரிவரைக்கும் நானே பின்னோக்கி நடந்து தூக்கிப் போனேன்.