விழுங்கும் புத்தகம்

பணி ஓய்வுக்குப் பிறகு நான் கொன்று குவித்த படைகளைக் கணக்கெடுத்தால் உலகப் படத்தையே மாற்றி வரைய வேண்டியிருக்கும். எல்லாம் கட்டைவிரல் உயரப் பொம்மைகள். போர்க்களம், சைக்கிள் கடை மாடியில் எங்கள் பொம்மைப் போர் விளையாட்டுச் சங்கத்து மேசை. மலைகள் தெர்மாகோல். ஆனாலும் நான் பகடையை உருட்டினால் கீழே பஞ்சர் ஒட்டுபவருக்குக் கை நடுங்கும் என்பார்கள். என்பார்கள் என்ன, நானேதான் சொல்வேன்.

போன ஞாயிறு நானும் என் மச்சானும், அதாவது மனைவியின் தம்பியும், ஒரே அணி. அவனுடைய ராஜா பொம்மைக்கு நீல அங்கி. கண்புரை அறுவை முடிந்ததும் அவன் தீட்டிய முதல் பொம்மை. அந்தக் கடுகளவு முகத்தில் கருவிழிகூட வைத்திருந்தான்.

"பார்வை திரும்பிடுச்சுன்னு நான் நம்புனதே இவனாலதான் அத்தான்" என்பான்.

அன்று என் மந்திரவாதிக்குக் குலுக்கலில் ஒரு மாயப் புத்தகம் விழுந்தது. அதன் விதிச்சீட்டை, முதலில் கிடைத்தவர் மட்டுமே படிக்கலாம். அதிலுள்ள சாபம் பலித்தால் அவரே எழுந்து எல்லோருக்கும் வாசித்துக்காட்ட வேண்டும். சங்க வழக்கம். நான் படித்தேன். புத்தகம் வைத்திருப்பவனுக்கு இரட்டைப் பலம். ஆனால் சுற்று முடிவில் உருட்டும் பகடையில் ஒன்று விழுந்தால் புத்தகம் அவனை விழுங்கிவிடும். விழுங்கப்பட்ட பொம்மைக்கு ஒரு வருடம் கண்ணாடி அலமாரியில் சிறை. அந்தச் சிறை விதியைப் போன மாதம் மேசையைக் குத்திக் குத்திப் பேசி நிறைவேற்றியதே நான்தான்.

முதல் சுற்றில் தப்பித்தேன். அடுத்த சுற்றுக்கு முன்பே மச்சான் பக்கம் திரும்பினேன்.

"மச்சான், இது புத்தகமில்ல, பொக்கிஷம்! உன் ராஜா கையில இருந்தா எதிரி ஊரை விட்டே ஓடிடுவான். பிடி!"

"நிஜமாவா? உங்களுக்கு வேணாமா?"

"உனக்கு இல்லாததா!"

அவன் முகம் மலர்ந்தது. ராஜா அடித்த அடியில் எதிரிப் படையில் பாதி காலி. பிறகு பகடையை உருட்டினான்.

ஒன்று.

"சாபம்!" என்றார் நடுவர், பல் டாக்டர். "சீட்டை வாசிங்க சார்."

நாலு தெருவுக்குக் கேட்கும்படி பேசுகிற நான் அன்று சீட்டை மூக்கருகே பிடித்துக்கொண்டேன். முணுமுணுத்தேன்.

"சத்தமா அத்தான். காதுல விழல" என்றான் மச்சான், இன்னும் சிரித்தபடி.

சத்தமாக வாசித்தேன். 'விழுங்கிவிடும்' என்ற இடத்தில் அவன் சிரிப்பு நின்றது. சீட்டைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். ஏன் என்று கேட்டிருந்தால் ஏதாவது அளந்திருப்பேன்.

"டாக்டர், இந்த ஒரு தடவை விட்டுடலாமே" என்றேன்.

"விதி நீங்க போட்டதாச்சே சார்."

ஆட்டத்தில் ஜெயித்தோம். கைதட்டினார்கள். ஒவ்வொரு தட்டும் என் கன்னத்தில் விழுந்தது. மச்சான் ராஜாவைத் துணியால் துடைத்து, தானே அலமாரிக்குள் வைத்து, முகம் வெளியே தெரியும்படி திருப்பினான்.

படியிறங்கும்போது என் மந்திரவாதியை அவன் கையில் திணித்தேன்.

"இவனை நீ வச்சுக்கோ மச்சான். சாபம் தெரிஞ்சேதான் புத்தகத்தைக் குடுத்தேன்."

அவன் பொம்மையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். என் சட்டைப்பையிலேயே திரும்பப் போட்டான்.

"வேணாம் அத்தான். அடுத்த வாரம் இவன் பக்கத்துல என் ஆளுங்களை நிறுத்தவே பயமாயிருக்கு. இதுல வீட்டுக்கு வேற கூட்டிட்டுப் போகவா?"

ஸ்கூட்டரைக் கிளப்பினான். "ஏறுங்க."

எப்போதும் அவன் தோளைப் பிடித்துக்கொள்வேன். அன்று பின்னாலிருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.